ஸ்பிதி, லாசாவின் நகலா?

கேள்வி: 2 பிப்ரவரி 2025

திபெத்தியப் பண்பாட்டை நேரில் பார்க்க வேண்டும் என்பது பல ஆண்டு ஆசை. திபெத்தின் தலைநகர் லாசா போக அனுமதி வாங்குவதும் சிக்கல், செலவும் கைமீறுகிறது. இமாசலத்தில் இருக்கும் ஸ்பிதிக்குப் போகலாம் என்றால், "அதெல்லாம் நகல், அசல் லாசாவில்தான்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சிம்லாவிலிருந்து பஸ்ஸில் போனால் போக மட்டுமே நான்கைந்து நாள் ஆகுமாமே? அதற்குப் பதிலாக விமானத்தில் லடாக்கின் லே போய் இறங்கிவிட்டால் என்ன? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி 2025, காலை

நகல் என்ற சொல்லை முதலில் தள்ளி வையுங்கள் தம்பி. ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் தாபோ மடம் எழும்பியது கி.பி. 996இல். படத்தில் எல்லோரும் பார்த்திருக்கும் பொதாலா அரண்மனையை ஐந்தாம் தலாய் லாமா கட்டத் தொடங்கியது 1645இல். இடையே அறுநூற்றைம்பது ஆண்டு. லாசாவில் உள்ள எல்லாவற்றையும் விடத் தாபோ பழையது. இதில் எது எதற்கு நகல்?

தாபோவை எழுப்பச் செய்தவர் மேற்குத் திபெத்தின் குகே நாட்டு மன்னர் யேஷே ஓ. பௌத்தம் சிதறிக் கிடந்த காலத்தில் அதை மீண்டும் வேரூன்றச் செய்யத் துடித்தவர். வடமொழி கற்று நூல்களைக் கொண்டுவர இளைஞர்களைக் காஷ்மீரத்துக்கு அனுப்பினார். போனவர்களில் பெரும்பாலோர் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பலியானார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. திரும்பி வந்த ஒருவர்தான் மொழிபெயர்ப்பாளர் ரின்சென் சங்போ (958–1055). கின்னோர், ஸ்பிதி, லடாக் என்று எந்தப் பழைய மடத்தில் கேட்டாலும் "இது அவர் கட்டியது" என்பார்கள். எல்லாம் அவர் கட்டியிருக்க முடியாதுதான். ஆனால் அந்தப் பெயர் இன்னும் வீட்டுப் பெரியவர் பெயரைப் போல அங்கே புழங்குகிறது.

2024 செப்டம்பரில் என் தம்பியோடு பதின்மூன்று நாள் போய்வந்தேன். நினைவு வரவர எழுதுகிறேன்.

3 பிப்ரவரி 2025, இரவு

ஏன் விமானம் வேண்டாம் என்று காலையில் சொல்ல விட்டுவிட்டேன்.

லேயில் இறங்கினால் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் கதவைத் திறந்து வெளியே விடுவார்கள். உடம்புக்கு அது அடி. அதைவிடப் பெரிய இழப்பு, நடுவில் உள்ளதெல்லாம் கண்ணில் படாமல் போய்விடும். சிம்லாவிலிருந்து நார்கண்டா, ராம்பூர், ரெக்காங் பியோ என்று சட்லெஜ் ஆற்றை ஒட்டியே ஏறும்போது ஊரும் மொழியும் சாமியும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகின்றன. கின்னோரில் தேவதாரு மரத்தாலான கோயில்கள், கற்பலகைக் கூரை, ஆண் பெண் எல்லோர் தலையிலும் பச்சைப் பட்டை வைத்த கம்பளித் தொப்பி. கல்பாவில் நாராயணர் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்திலேயே ஒரு புத்த மடம். எங்கள் அறையைக் கூட்ட வந்த பெண் இரண்டுக்கும் போவேன் என்றார். "எந்தச் சாமி பெரிது?" என்று என் தம்பி கேட்டதற்கு அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

பூ என்ற ஊரைத் தாண்டிய பிறகு மரம் குறைகிறது. நாகோ வந்தால் கூரைகள் தட்டையாகிவிடுகின்றன, மொட்டை மாடியில் விறகும் சாணமும் அடுக்கியிருக்கிறார்கள். மழை இல்லாத ஊருக்குச் சரிவுக் கூரை எதற்கு? "நமஸ்தே" என்று சொல்லிக்கொண்டு வந்த நடத்துநர் எந்த ஊரில் "ஜூலே"வுக்கு மாறினார் என்று நான் கவனித்துக்கொண்டே வந்தும் பிடிபடவில்லை. திபெத்தியப் பண்பாடு எல்லைக்கோட்டில் தொடங்குகிற ஒன்று என்று நினைத்திருந்தேன். அது வழி நெடுக ஊறி ஊறி அடர்த்தியாகிறது. அதைப் பார்க்கத்தான் தரைவழி.

5 பிப்ரவரி 2025

திருத்தம். "லாசாவில் உள்ள எல்லாவற்றையும் விடத் தாபோ பழையது" என்று எழுதியது தவறு. ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், நன்றி. லாசாவின் ஜோகாங் கோயில் ஏழாம் நூற்றாண்டில் சோங்சென் காம்போ மன்னர் காலத்தது. லாசாவுக்கு வெளியே உள்ள சம்யே மடம் எட்டாம் நூற்றாண்டு. இரண்டும் தாபோவுக்கு மூத்தவை. பொதாலாவை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வேகத்தில் எழுதிவிட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்ததை விட்டுக்கொடுக்கவில்லை. ஜோகாங் சீனாவின் பண்பாட்டுப் புரட்சியில் சூறையாடப்பட்டு, 1970களில் பழுது பார்க்கப்பட்டது. தாபோவோடு ஒரே காலத்தில் அதே மன்னர் எழுப்பிய தோலிங் மடம் எல்லைக்கு அப்பால் சிதைக்கப்பட்டது. தாபோவின் மண்சுவர் எல்லைக்கு இப்பால் இருந்ததால் தப்பியது. 1975 ஜனவரி 19 அன்று கின்னோரை உலுக்கிய நிலநடுக்கத்தையும் தாங்கிக்கொண்டது. பாதிப்பு இருந்தது, ஆனால் விழவில்லை. பக்கத்தில் புதிய கூடம் ஒன்று பிறகு கட்டினார்கள். 1996இல் ஆயிரமாவது ஆண்டு நிறைவுக்குத் தலாய் லாமா வந்து காலசக்கர தீட்சை கொடுத்தார். நான் பேசிய ஒரு கிழவருக்கு அந்த நாள்களைச் சொல்லும்போதே குரல் கம்மியது.

6 பிப்ரவரி 2025

அனுமதிச் சீட்டு பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இந்தியர்களுக்கு ரெக்காங் பியோவிலிருந்து ஸ்பிதியின் தலைமையூரான காசா போகும் சாலையில் அனுமதிச் சீட்டு தேவையில்லை, அடையாள அட்டை போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் யாராவது உடன் வந்தால் அவர்களுக்கு வேண்டும்.

8 பிப்ரவரி 2025

காப் பாலம். இதைத் தனியாக எழுத வேண்டும்.

பியோவிலிருந்து காசா போகும் அரசு பஸ் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டரை ஒரு முழுப் பகலில் கடக்கிறது. மலையைக் குடைந்து, பாதி குகை போல, தலைக்கு மேல் பாறை தொங்கும் சாலை. சிம்லாவிலிருந்து திபெத்துக்குப் பாதை போட வேண்டும் என்று டல்ஹௌசி காலத்தில் 1850இல் தொடங்கிய வழியின் தொடர்ச்சிதான் இது. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் வந்து விழுகிறது. ஒன்று சாம்பல் நிறம், மற்றொன்று காவி கலந்த பழுப்பு. கலந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டு நிறமும் ஒட்டாமல் ஓடுகின்றன.

சட்லெஜ் திபெத்திலிருந்து வருகிறது. திபெத்தியர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் லாங்சென் கபாப், யானையின் வாயிலிருந்து வருவது. மேலே சொன்ன தோலிங் மடம் இந்த ஆற்றங்கரையில்தான், மேலே, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நமக்கு அங்கிருந்து மேலே வழியில்லை. ஒரு காலத்தில் இதே திசையில் கம்பளியும் உப்பும் வந்தன, பார்லியும் உலர்பழமும் போயின. 1962 சீனப் போருக்குப் பிறகு அந்தப் பழைய வணிகம் நின்றுபோனது. தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. பஸ் அங்கே ஐந்து நிமிடம் நின்றது. கீழே இறங்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓட்டுநர் இரண்டு முறை ஒலியெழுப்பிய பிறகுதான் ஏறினேன்.

9 பிப்ரவரி 2025

சாப்பாடு. சைவர்கள் பயப்பட வேண்டாம். சோறு, பருப்பு, ராஜ்மா, சப்பாத்தி எல்லா ஊரிலும் உண்டு. காய்கறி போட்ட துக்பா (நூடுல்ஸ் சூப்) கிடைக்கும், ஆனால் எலும்புச் சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காசா உயரத்தில் தண்ணீர் சுமார் 88 பாகையிலேயே கொதித்துவிடும், திறந்த பானையில் அரிசி வேகாது. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் குக்கர் சத்தம். மடத்து அடுக்களையிலும் அப்படியே.

வெண்ணெய்த் தேநீர் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். தேநீர் என்று நினைத்து வாயில் வைத்தால் பிடிக்காது. நம் வீட்டில் காய்ச்சலின்போது உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரில் ஒரு சொட்டு நெய் விட்டுக் கொடுப்பார்களே, அந்த நினைப்போடு குடியுங்கள்.

தாபோவில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மா அதைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தேயிலையை வெகுநேரம் கொதிக்கவைத்துக் கறுப்பாக இறக்கிய சாறு ஒரு பாத்திரத்தில் ஆறிக்கொண்டிருந்தது. பித்தளைப் பட்டை போட்ட, இடுப்பளவு உயர மர உருளையில் அதை ஊற்றினார். ஒரு கை உப்பு, எலுமிச்சை அளவு வெண்ணெய். பிறகு நின்றபடியே மத்தை மேலும் கீழும் இழுத்துத் தள்ளினார். நாம் மோர் கடையும்போது மத்து சுழலும். இது சுழலாது, குத்தும். ஒவ்வொரு முறையும் "குர்ர்" என்று காற்று உறிஞ்சும் சத்தம். குர்குர் சாய் என்ற பெயர் அதனால்தான். அடுப்படியில் மிக்ஸியும் இருந்தது. "தினமும் அதில்தான் அடிப்பேன், விருந்தாளிக்கு இது" என்று மகனை விட்டுச் சொல்லச் சொன்னார்.

கிண்ணத்தைக் காலி செய்யாதீர்கள். காலியானால் உடனே நிரப்புவார்கள், அது அவர்கள் முறை. போதும் என்றால் பாதி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள், கிளம்பும்போது குடித்து முடியுங்கள். கடைசியில் மிஞ்சிய தேநீரில் வறுத்த பார்லி மாவைக் கொட்டி விரலாலேயே பிசைந்து உருட்டிக் கொடுத்தார். திபெத்தியர்கள் சம்பா என்பது இந்த மாவைத்தான். என் பாட்டி பிடித்துக் கொடுக்கும் கம்பு மாவு உருண்டையின் அதே வறுத்த வாசனை.

11 பிப்ரவரி 2025

தாபோவின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. மண் பூசிய, சன்னலில்லாத, குட்டையான கட்டடங்கள். "இதற்கா இத்தனை தூரம்?" என்று என் தம்பி வாய்விட்டே சொன்னான். உள்ளே போனதும் முதல் இரண்டு நிமிடம் இருட்டு மட்டும்தான். கண் பழகப் பழகச் சுவரிலிருந்து உருவங்கள் வெளியே வருகின்றன. நாற்புறமும், ஆளுயரத்துக்குக் களிமண்ணால் செய்த முப்பத்திரண்டு தெய்வங்கள், சுவரோடு பொருத்தியவை, தாமரைமேல் உட்கார்ந்தபடி காற்றில் மிதப்பது போல இருக்கின்றன. நடுவே நான்கு திசையும் நோக்கி நான்கு உடலாக அமர்ந்த வைரோசன புத்தர். கையசைவு ஒன்றைப் போல ஒன்றில்லை. அங்குள்ள கல்வெட்டு போன்ற சுவரெழுத்து, 996க்கு 46 ஆண்டு கழித்து, அதாவது 1042இல் கோயில் புதுப்பிக்கப்பட்டதைச் சொல்கிறது.

படம் எடுக்க அனுமதி இல்லை. அது எவ்வளவு நல்ல விதி என்று உள்ளே நின்றபோது புரிந்தது. நாற்பது நிமிடம் நின்றோம். யாரும் விரட்டவில்லை. ஒரு இளம் துறவி எங்கள் கையில் சின்ன டார்ச் ஒன்றைக் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

12 பிப்ரவரி 2025

உடம்பு விஷயம். இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

நாங்கள் கல்பாவில் இரண்டு இரவு, தாபோவில் இரண்டு இரவு என்று ஒழுங்காக ஏறினோம். காசா சேர்ந்ததும் எல்லாம் பழகிவிட்டது என்ற தைரியம். காசா 3,700 மீட்டருக்குப் பக்கம். வந்த அன்றே ஒரு வாடகைக் கார்க்காரர் "கிப்பரில் தங்கினால் விடியற்காலை பார்க்க அழகு, ஒன்றும் ஆகாது" என்று அழைத்துப் போய்விட்டார். கிப்பர் 4,270 மீட்டர். இரவு பதினொரு மணிக்குத் தம்பிக்குத் தலைவலி, பிறகு வாந்தி, மூன்று மணிக்கு நடையில் தள்ளாட்டம். நடை தள்ளாடினால் விளையாட்டில்லை, மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறி அது. பொழுது விடியக் காத்திருக்காமல் வீட்டுக்காரரை எழுப்பி, அவர் ஜீப்பிலேயே காசா இறங்கினோம். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். மறுநாள் மதியம் அவன் மூன்று சப்பாத்தி சாப்பிட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கார்க்காரரைக் குறை சொல்வதில் பொருளில்லை. அக்கா என்ற பொறுப்பில் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியது நான்.

3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். பகலில் மேலே போய்ப் பார்த்துவிட்டுக் கீழே வந்து தூங்குங்கள். தலைவலி வந்தால் அங்கேயே நில்லுங்கள், கூடினால் இறங்குங்கள். அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அறுபத்தெட்டு வயது அம்மாவை அழைத்துப் போகலாமா என்று கேட்ட சகோதரிக்கு: இதயமும் இரத்த அழுத்தமும் சரி என்று மருத்துவர் சொன்னால், தாபோ வரை மெல்ல மெல்ல அழைத்துப் போங்கள். தாபோ சுமார் 3,280 மீட்டர்தான், ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். அதற்கு மேல் அவரை இழுக்காதீர்கள். ஸ்பிதியில் பார்க்க வேண்டியதில் தலையாயது தாபோவிலேயே இருக்கிறது.

15 பிப்ரவரி 2025

தனிமடலில் ஒருவருக்கு "திபெத்தியர்கள் எல்லோரும் வலமாகத்தான் சுற்றுவார்கள்" என்று எழுதியிருந்தேன். அதற்கும் திருத்தம். பௌத்தத்துக்கு முந்தைய வேர் கொண்ட போன் சமயத்தார் இடமாகச் சுற்றுவார்கள். அவர்களுடைய மென்ரி மடம் நாம் போகும் வழியிலேயே, சோலனுக்குப் பக்கத்தில் தோலாஞ்சியில் இருக்கிறது. சிம்லா போகும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஸ்பிதியில் மந்திரக் கற்களை அடுக்கிய மணிச் சுவரை நீங்கள் கண்டால், அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடங்கள். அதில் அடுக்கிய கல்லை எடுக்காதீர்கள். "ஓம் மணி பத்மே ஹும்" செதுக்கிய கல் அழகாக இருக்கிறது என்று பையில் போட்டுக்கொண்டு வந்த ஒருவரைப் பார்த்தேன். கோயில் சுவரில் கல்லைப் பெயர்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

காசாவிலிருந்து மணாலி போகும் பஸ் குன்சும் கணவாயில் (4,550 மீட்டர் இருக்கும்) தேவி கோயிலையும் கொடிகள் கட்டிய ஸ்தூபங்களையும் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கீழே இறங்குகிறது. நாற்பது பேரோடு பஸ்ஸே வலம் வருகிறது! உள்ளே பேச்செல்லாம் நின்றுவிட்டது. பக்கத்து இருக்கையில் ஒரு இராணுவ வீரர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

16 பிப்ரவரி 2025

"இத்தனை பாடு எதற்கு, மைசூருக்குப் பக்கத்தில் பைலகுப்பே இருக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டாயம் போங்கள். 1959க்குப் பின் நாடிழந்து வந்த திபெத்தியர்களுக்கு அன்றைய மைசூர் அரசு 1960களின் தொடக்கத்தில் காடும் மேடுமாகக் கொடுத்த நிலம் அது. யானைகளோடு போராடி மக்காச்சோளம் விளைவித்தார்கள். லாசாவின் புகழ்பெற்ற செரா மடம் இன்று பைலகுப்பேயில் இயங்குகிறது. கற்றறிந்த துறவிகளின் தர்க்க விவாதத்தை, கைதட்டிக் கேள்வி எறியும் அந்த முறையை, பார்க்க வேண்டுமானால் ஸ்பிதியை விட அதுவே நல்ல இடம். மார்கழியில் நம் ஊர்களில் சாலையோரம் ஸ்வெட்டர் விற்க வருகிறார்களே, அவர்களில் பலரும் இப்படிப்பட்ட குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள். அடுத்த முறை விலை பேசும்போது "தாஷி தெலெக்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் பைலகுப்பே பெயர்த்து நட்ட செடி. ஸ்பிதியில் அது முளைத்த மண்ணிலேயே நிற்கிறது. வறண்ட மலை, பார்லி வயல், ஒற்றை ஓடை, அதற்கு மேலே மடம். நிலத்தைப் பார்த்தால்தான் சாணத்தை ஏன் பொன்போல அடுக்குகிறார்கள், ஆட்டுக்கொம்பை ஏன் வாசலில் வைக்கிறார்கள் என்பதெல்லாம் புரியும்.

17 பிப்ரவரி 2025

காத்மாண்டு–லாசா தரைவழி பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு கோதாரி வழி நின்று, வெளிநாட்டவர் ரசுவாகடி–கீரோங் வழியாகப் போகத் தொடங்கினார்கள். திபெத் அனுமதி, முகவர், வழிகாட்டி மூன்றும் இல்லாமல் முடியாது, தனியாகச் சுற்ற விடமாட்டார்கள். பெரும்பாலும் மார்ச்சில் வெளிநாட்டவருக்கு அடைத்துவிடுவார்கள். அந்த வழியில் உள்ள திங்ரி பகுதியில்தான் 2025 ஜனவரி 7 அன்று நிலநடுக்கத்தில் 126 பேர் இறந்தார்கள். உறைபனிக் காலத்தில் வீடிழந்தவர்களை நினைத்தால் இப்போது பயணத் திட்டம் பேசவே மனம் வரவில்லை. கைலாச யாத்திரையை இந்தக் கோடையில் மீண்டும் தொடங்க இந்தியாவும் சீனாவும் ஒப்புக்கொண்டதாகச் சென்ற மாதம் செய்தி வந்தது. காத்திருப்பவர்கள் அதைக் கவனியுங்கள்.

20 பிப்ரவரி 2025

ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். காசாவுக்கு அருகே கீ மடத்துக்குக் கீழே, ஒரு கிழவி சுவரோரம் வெயிலில் உட்கார்ந்து பிரார்த்தனை உருளையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். கேட்காமலே படம் எடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார், உருளை மட்டும் நிற்காமல் சுழன்றது. அந்தப் படத்தை அங்கேயே அழித்தேன், அவரிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். மொழி புரியாவிட்டாலும் புரிந்துகொண்டார் போலிருந்தது. இரண்டு வாரமாகப் பண்பாடு பண்பாடு என்று இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை மறைத்து எழுதுவது நியாயமில்லை.

1 மார்ச் 2025

நேற்று லோசர், திபெத்தியப் புத்தாண்டு, மரப் பாம்பு ஆண்டு பிறந்தது. தாபோ வீட்டு அம்மாவின் மகனுக்கு வாழ்த்து அனுப்பினேன். அங்கே பனி முழங்காலளவாம். லடாக்கில் இதே லோசரை இரண்டு மாதம் முன்பே கொண்டாடிவிடுகிறார்கள். போருக்குப் புறப்பட்ட ஒரு மன்னர், திரும்பி வருவோமோ என்னவோ என்று புத்தாண்டை முன்னுக்குத் தள்ளிவைத்தார், அது அப்படியே நிலைத்துவிட்டது என்பது அவர்கள் சொல்லும் கதை. எனவே "திபெத்தியப் பண்பாடு" என்று ஒருமையில் நான் எழுதிவருவதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

4 மார்ச் 2025

இன்று முழுவதும் நிலைகொள்ளவில்லை.

தாபோ சுவரோவியங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். களிமண் உருவங்களுக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன ஓவியங்கள் இருந்தன. மேலேயே பார்த்துக்கொண்டிருந்த நான் அவற்றின்மேல் டார்ச்சை ஒருமுறை ஓட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். அவற்றில் ஒரு பாதி புத்தர் வரலாறு. மறுபாதி, சுதனன் என்ற வணிகர் மகனின் பயணம். கண்டவியூக சூத்திரம் சொல்லும் கதை. ஞானம் தேடிப் புறப்பட்ட சுதனன் ஒவ்வொரு ஆசிரியராகப் போய்க் கேட்கிறான். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லி, "இதற்கு மேல் எனக்குத் தெரியாது, இன்னாரிடம் போ" என்று அனுப்பிவைக்கிறார்கள். துறவி, அரசன், கப்பலோட்டி, வாசனைப் பொருள் வணிகன், கணிகை, மணலில் விளையாடும் சிறுவன் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். அவன் போகும் திசை தெற்கு. திராவிட நாட்டு மேகன் என்ற ஆசிரியரிடமும் போகிறான்.

தெற்கே போகப் போக அவன் சேரும் ஒரு மலை பொதலகம். அங்கே இருப்பவர் அவலோகிதர், திபெத்தியர்கள் சென்ரெசிக் என்று வணங்குபவர். தலாய் லாமாக்கள் அவருடைய உருவே என்பது அவர்கள் நம்பிக்கை. லாசாவின் பொதாலா அரண்மனைக்கு அந்த மலையின் பெயரைத்தான் வைத்தார்கள்.

5 மார்ச் 2025

நேற்று எழுதியதன் தொடர்ச்சி, தூக்கம் வராமல் எழுதுகிறேன். பொதலகம் எங்கே? ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், தென்கோடியில் மலய மலைக்குக் கிழக்கே என்று குறிக்கிறார். அது பொதிகையே என்று ஜப்பானிய ஆய்வாளர் ஷு ஹிகோசகா வாதிட்டிருக்கிறார். எல்லோரும் ஏற்ற முடிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று பௌத்தரான புத்தமித்திரர் வீரசோழியத்தில் சொல்கிறார். அது பதினோராம் நூற்றாண்டு நூல், தாபோவைப் புதுப்பித்த அதே நூற்றாண்டு.

நான் பிறந்தது அம்பாசமுத்திரம். எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடப் போனால் எதிரே பொதிகை நிற்கும். அந்த மலையைத் தேடி ஒரு பையன் நடந்துவரும் கதையை, மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மரமில்லாத மலைநாட்டில் யாரோ மண்சுவரில் தீட்டிவைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றுவிட்டு, என்னவென்று தெரியாமல் டார்ச்சை அணைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

6 மார்ச் 2025

"அப்படியென்றால் லாசாதானே நகல், நம் பொதிகைதான் அசல்" என்று இருவர் உற்சாகமாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தச் சண்டையைத் தொடக்கத்திலேயே விட்டுவிடத்தான் சொன்னேன். மலையின் பெயரை அவர்கள் தங்கள் நெஞ்சுக்கு நெருக்கமானதாக ஆக்கிக்கொண்டு பல நூற்றாண்டு ஆகிறது. அது அவர்களுடையது. நமக்கு அதில் மகிழ்ச்சி மட்டும் போதும்.

14 மார்ச் 2025

கேள்வி கேட்ட தம்பி ஜூனில் புறப்படுகிறாராம், சிம்லா வழியாகப் பஸ்ஸில். நல்லது. ஜூனில் குன்சும் திறந்திருக்கிறதா என்று காசாவில் கேட்டுவிட்டு மணாலி பக்கம் இறங்குங்கள். திறக்கவில்லை என்றால் வந்த வழியே திரும்புங்கள், அதுவும் நல்ல வழிதான். கம்பளிக் காலுறை இரண்டு சோடி, உதட்டுக்கு வெண்ணெய் அல்லது வாசலின், பணம் ரொக்கமாக. உள்ளே பார்க்க டார்ச் ஒன்று, மஞ்சள் வெளிச்சமாக, சின்னதாக இருக்கட்டும்.

நானும் செப்டம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். கிப்பர் இல்லை, சந்திரதால் ஏரி இல்லை. கல்பாவில் இரண்டு இரவு, தாபோவில் ஐந்து இரவு. தம்பி வருகிறான், காசாவுக்கு மேலே ஒரு அடிகூட வைக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு. வீட்டு அம்மாவுக்கு என்ன கொண்டுவர என்று மகனிடம் கேட்டிருந்தேன். நேற்று பதில் வந்தது: போன முறை கொடுத்த கருப்பட்டி தீர்ந்துவிட்டதாம்.